ஆவாரஞ்செடியை ஆடு மாடு ஏன் அதிகம் தொடுவதில்லை?

திருத்தணியிலிருந்து நகரி போகும் பக்கம், சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடந்தாலும் ஆவாரை மட்டும் பச்சையாக நிற்கும். மந்தை உரசிக்கொண்டு போகும், பெரும்பாலும் வாய் வைக்காது. அது ஏன் என்பதுதான் கேள்வி.

ஆவாரை ஓர் ஆள் உயரம் வளரும் நம் மண்ணின் புதர். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் தங்கேடு என்பார்கள். இதன் பட்டையிலும் இலையிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. டானின், புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்துப் பாருங்கள். எச்சிலின் வழவழப்புக்குக் காரணமான புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் நாக்கு சொரசொரவென்று இழுக்கும். ஆட்டுக்கும் அதே கதைதான்.

இதே வேலை தோலில் நடந்தால்? புரத இழைகள் இறுகி, தோல் அழுகாமல் நிற்கும். முன்பெல்லாம் தோல் பதனிட ஆவாரம்பட்டையைத்தான் ஊறவைத்தார்கள். அப்புறம் வாட்டில் என்ற மரத்தின் பட்டையும் குரோமிய உப்பும் வந்தன.

எனக்கென்னவோ பூவைவிட இலைக்காம்பின் அடிதான் பிடிக்கும். காது மடல் மாதிரி இரண்டு பச்சைச் செதில்கள் அங்கே ஒட்டியிருக்கும். பூ இல்லாத நாளிலும் அதை வைத்தே செடியைச் சொல்லிவிடலாம். பொங்கல் காப்புக்குப் பூளைப்பூவோடு ஒடிக்கும்போது கவனியுங்கள்.

மஞ்சள் பூவைப் பார்த்து இதைச் சரக்கொன்றை என்று நினைப்பவர்கள் உண்டு. அது மரம், காய் உருண்டு நீண்ட குழல். ஆவாரங்காய் காகிதம்போலத் தட்டை.