முதல் எண் விழுந்தால் யாரை எடுப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கொலம்பஸுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஃபேன்டஸி ஃபுட்பால் லீக் நடத்துகிறார்கள். இந்த வருடம் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பிபிஆர் கணக்கு, ஸ்நேக் டிராஃப்ட், வரும் சனிக்கிழமை, அதாவது 2025 ஆகஸ்ட் 30. குலுக்கலில் எனக்கு முதல் எண் விழுந்துவிட்டது.

நான் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பது ஏஎஃப்சி நார்த் டிவிஷன் ஆட்டங்களை மட்டும்தான். மற்ற அணிகளை ஹைலைட்ஸில் பார்ப்பதோடு சரி. அதனால் பெரும்பாலும் இந்த டிவிஷன் ஆட்களையே எடுக்கலாம் என்று நினைக்கிறேன். நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் வருடத்துக்கு இரண்டு முறை மோதுவார்கள், உனக்கு நீயே குழி தோண்டிக்கொள்வாய் என்கிறார்கள். பெங்கால்ஸின் சேஸ், ரேவன்ஸின் லமார், ஹென்றி மூவரில் முதலில் யார்? இன்னொரு விஷயம், நான் பிரவுன்ஸ் ரசிகன். செப்டம்பர் 7, முதல் வாரமே பெங்கால்ஸ் கிளீவ்லேண்டுக்கு வருகிறது. சேஸை எடுத்துவிட்டால் அன்றைக்கு நான் யாருக்காகக் கத்துவது?

கே.

அன்புள்ள கே.,

ஜமார் சேஸ். தயங்காமல் எடுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், மற்ற ரவுண்டுகளுக்கும் அது உதவும்.

முதலில் இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள், நான்கு நான்காக எட்டு டிவிஷன். ஏஎஃப்சி நார்த்தில் இருப்பவை பால்டிமோர் ரேவன்ஸ், சின்சினாட்டி பெங்கால்ஸ், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ். ஃபேன்டஸியில் நாம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுத்து (இதுதான் டிராஃப்ட், ஸ்நேக் என்றால் ஒவ்வொரு ரவுண்டிலும் வரிசை தலைகீழாகும்) நமக்கென்று ஓர் அணி கட்டுகிறோம். நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வது நமக்குப் புள்ளியாக வரும். ஓடியோ பிடித்தோ கடக்கும் 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைக் கடப்பது) 6. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக், ஏந்தி ஓடுபவர் ரன்னிங் பேக், எறிவதைப் பிடிப்பவர் ரிசீவர். குவார்ட்டர்பேக் எறிந்தால் 25 யார்டுக்கு 1, டச்டவுனுக்கு 4. பிபிஆர் என்றால், பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் கூடுதலாக 1.

சரி, சேஸ். பெங்கால்ஸின் ரிசீவர். 2024 சீசனில் அவர் 127 பந்து பிடித்தார், 1,708 யார்டு, 17 டச்டவுன். மூன்று பட்டியலிலும் லீக்கிலேயே முதலிடம். உங்கள் கணக்கில் இது 399.8 புள்ளி. திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். இவ்வளவு பந்து அவரிடம் வந்ததற்கு இன்னொரு காரணம், அந்த வருடம் பெங்கால்ஸின் தடுப்பாட்டம் யாரையும் நிறுத்தவில்லை. வாஷிங்டனிடம் 38-33, ரேவன்ஸிடம் 41-38, பிறகு 35-34, ஸ்டீலர்ஸிடம் 44-38. எல்லாமே தோல்வி. எதிரணி அடித்துக்கொண்டே இருந்தால் துரத்த வேண்டும், துரத்த வேண்டுமென்றால் எறிய வேண்டும். அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜோ பரோ அந்த சீசனில் 652 முறை எறிந்தார், லீக்கில் அதுவே அதிகம். 4,918 யார்டு, 43 டச்டவுன் எடுத்தும் அணி 9 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்து பிளேஆஃப் என்ற இறுதிச் சுற்றுகளுக்குப் போகவில்லை.

ரேவன்ஸிடம் தோற்ற அந்த இரண்டு ஆட்டத்தைப் பாருங்கள். முதலாவதில் சேஸ் 10 பந்து, 193 யார்டு, 2 டச்டவுன். இரண்டாவதில் 11 பந்து, 264 யார்டு, 3 டச்டவுன். அந்த இரண்டாவது ஆட்டம் 2024 நவம்பர் 7, வியாழன் இரவு. 38 விநாடி மிச்சம் இருக்கும்போது சேஸ் மூன்றாவது டச்டவுனைப் பிடித்தார். 35-34. ஒரு புள்ளிக்கு உதைத்து ஓவர்டைமுக்குப் போகாமல் இரண்டு புள்ளிக்கு முயன்றார்கள், கிடைக்கவில்லை. அன்று என் ஃபேன்டஸி அணியில் சேஸ் இருந்தார். அவர் ஒருவரே 55.4 புள்ளி. அவ்வளவு ஆடியும் தலையைக் குனிந்து வெளியே போன அந்த மனிதரைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்த வாரம் நான் ஜெயித்தேன். அன்றிலிருந்து டிராஃப்டுக்கு உட்காரும்போது எந்த அணி ஜெயிக்கும் என்று நான் கேட்பதில்லை. பந்து யாரிடம் போகும், எத்தனை முறை போகும் என்றுதான் கேட்கிறேன்.

ரேவன்ஸில் நிலைமை தலைகீழ். அவர்கள் முன்னிலை பெறும் அணி. முன்னிலை வந்ததும் ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி கையில் பந்தைக் கொடுத்து நேரத்தைக் கரைப்பார்கள். 2024இல் 1,921 யார்டு, 16 டச்டவுன், எல்லாம் ஓடி எடுத்தவை. பஃபலோவுக்கு எதிரான ஆட்டத்தில் ரேவன்ஸ் கைக்குப் பந்து வந்த முதல் முயற்சியிலேயே 87 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். இப்போது வயது 31. அந்த வயதில் ரன்னிங் பேக்குகளின் கால் சட்டென்று ஓய்ந்துவிடும் என்பது பொது அனுபவம். எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம் உங்கள் லீக்கின் கணக்கு. ஹென்றி அந்த சீசன் முழுக்கப் பிடித்தது 19 பந்து. நான் மேலே சொன்ன இரண்டே ஆட்டத்தில் சேஸ் பிடித்தது 21. பிபிஆர் இல்லாத லீக்காக இருந்தால் நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

ரேவன்ஸின் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் என் மனசுக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர். 2024இல் 4,172 யார்டு எறிந்தார், 41 டச்டவுன், எதிரணி கைக்குப் போனது வெறும் 4. அதோடு 915 யார்டு ஓடினார். ஒரே சீசனில் 4,000 யார்டு எறிந்து 900 யார்டு ஓடியவர் அதற்கு முன் யாரும் இல்லை. அந்த ஓட்டம்தான் பொக்கிஷம். 915 யார்டு ஓடினால் 91.5 புள்ளி. அதே புள்ளியை எறிந்து சேர்க்க கிட்டத்தட்ட 2,290 யார்டு வேண்டும். ஆனாலும் முதல் எண்ணில் வேண்டாம். பன்னிரண்டு பேர் ஆடும் லீக்கில் ஒரு வாரத்துக்குப் பன்னிரண்டு குவார்ட்டர்பேக் போதும். ரிசீவரும் ரன்னிங் பேக்கும் ஆளுக்கு இரண்டு, மூன்று தேவைப்படும், சீக்கிரம் தீர்ந்துபோவார்கள். நீங்கள் எடுப்பவருக்கும், அதே இடத்துக்குப் பின்னால் மிஞ்சுபவருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

முதல் எண்ணில் ஒரு சிரமம் உண்டு. ஸ்நேக் டிராஃப்டில் 1 முடிந்தால் உங்களுக்கு அடுத்து 24, 25. அதற்குப் பிறகு 48, 49. ஹென்றி 24 வரைக்கும் மிஞ்ச மாட்டார். நான் 24இல் எதிர்பார்ப்பது சேஸ் பிரவுனை (பெயர் குழப்பும், இவர் பெங்கால்ஸின் ரன்னிங் பேக்). 2024இல் பாதி சீசன் வரை ஸாக் மாஸோடு வேலையைப் பங்குபோட்டார். மாஸ் கழுத்துக் காயத்தால் வெளியேறியதும் முழுச் சுமையும் இவரிடம் வந்தது. 990 யார்டு ஓடி, 54 பந்தும் பிடித்தார். அவர் போய்விட்டால் பெங்கால்ஸின் இன்னொரு ரிசீவர் டீ ஹிக்கின்ஸ்.

ஹிக்கின்ஸைப் பற்றிச் சொல்ல ஒரு நாள் போதும். 2024 டிசம்பர் 28, பெரும்பாலான லீக்குகளில் ஃபேன்டஸி இறுதி நடக்கும் வாரம். டென்வருக்கு எதிராக 11 பந்து, 131 யார்டு, 3 டச்டவுன், கடைசி டச்டவுன் ஓவர்டைமில் ஆட்டத்தையே முடித்தது. பரோ அன்று எறிந்த மூன்று டச்டவுனும் இவருக்குத்தான். பரோவையும் ஹிக்கின்ஸையும் சேர்த்து வைத்திருந்தவருக்கு ஒவ்வொரு டச்டவுனுக்கும் 4 இந்தப் பக்கம், 6 அந்தப் பக்கம். 48இல் பரோ மிஞ்சியிருந்தால் சேஸோடு சேர்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். ஆனால் பரோவுக்கு 2020இல் முழங்கால் போனது, 2023இல் மணிக்கட்டு போனது. அதனால் கடைசி ரவுண்டுகளில் இரண்டாவதாக ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்துவையுங்கள். முதல் மூன்று தேர்வும் பெங்கால்ஸாக வேண்டாம். 10ஆவது வாரம் அவர்களுக்கு ஓய்வு, மூவரும் ஒன்றாக பெஞ்சில் உட்காருவார்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் ஆபத்துக்கு வருகிறேன். நான்கு அணிக்கும் ஓய்வு வாரம் வெவ்வேறு: ஸ்டீலர்ஸ் 5, ரேவன்ஸ் 7, பிரவுன்ஸ் 9, பெங்கால்ஸ் 10. ஆகவே ஒரே வாரத்தில் எல்லோரையும் இழக்கப் போவதில்லை. ஒருவரோடு ஒருவர் மோதுவது பற்றிய பயம் பாதிதான் சரி. சேஸும் லமாரும் களத்தில் ஒரே நேரத்தில் நிற்பதே இல்லை. ஒருவர் அடித்தால் மற்றவர் அணி பதிலுக்கு எறியும். 41-38இல் நடந்தது அதுதான். நிஜமான மோதல் எங்கே என்றால், பரோவை வைத்துக்கொண்டு ரேவன்ஸின் தடுப்பாட்டத்தையும் எடுப்பது (ஃபேன்டஸியில் ஓர் அணியின் தடுப்பாட்டத்தை மொத்தமாக ஒரே தேர்வாக எடுப்பார்கள்). 13ஆவது வாரம் நன்றி நாளன்றும் (தேங்க்ஸ்கிவிங்), மறுபடி 15ஆவது வாரமும் அந்த இரண்டு அணியும் சந்திக்கின்றன. 15 என்றால் பொதுவாக ஃபேன்டஸி பிளேஆஃப் தொடங்கும் வாரம். அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரே டிவிஷனை ஊன்றிப் பார்ப்பதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது, உங்கள் நண்பர்கள் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும். 2018இல் ஸ்டீலர்ஸின் ரன்னிங் பேக் லீவியான் பெல்லை முதல் ரவுண்டில் எடுத்தவர்கள் ஏராளம். ஒப்பந்தத் தகராறில் அவர் அந்த வருடம் ஸ்டீலர்ஸுக்கு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற ஜேம்ஸ் கானர் 973 யார்டு ஓடி 12 டச்டவுன் போட்டார். ஸ்டீலர்ஸைத் தினம் கவனித்தவர்களுக்குக் கானர் புதிய பெயரில்லை. அதேபோல் ரேவன்ஸின் டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் நிற்பவர்) மார்க் ஆண்ட்ரூஸ் 2024இல் மூன்றாவது, நான்காவது ஆட்டங்களில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. பலர் கைவிட்டார்கள். ரேவன்ஸ் ஆட்டத்தை விடாமல் பார்த்தவர்களுக்கு, கோல் கோட்டருகே லமாரின் கண் எங்கே போகும் என்று தெரியும். சீசன் முடிவில் ஆண்ட்ரூஸுக்கு 11 டச்டவுன்.

ஸ்டீலர்ஸில் எனக்கு அதிக ஆசை இல்லை. குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் 41 வயதில் வந்திருக்கிறார், ரிசீவர் டிகே மெட்கால்ஃப் சியாட்டிலிலிருந்து வந்திருக்கிறார். மெட்கால்ஃப் ஐந்தாவது ரவுண்டில் கிடைத்தால் எடுக்கலாம், அதற்கு முன் வேண்டாம். கடைசி ரவுண்டில் உதைப்பவர் கிறிஸ் பாஸ்வெல். 2024இல் இரண்டு ஆட்டத்தை 18 புள்ளியோடு ஸ்டீலர்ஸ் ஜெயித்தது, இரண்டிலும் ஆறாறு ஃபீல்ட் கோலாக (உதைத்து எடுப்பது, தலா 3 புள்ளி) மொத்தப் புள்ளியும் அவர் உதைத்தது. அதற்காகக் கடைசி ரவுண்டுக்கு முன்னால் எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் உங்கள் பிரவுன்ஸ். 2024இல் 3 வெற்றி, 14 தோல்வி என்று முடிந்த அணியில் யாரை எடுப்பது என்று நண்பர்கள் ஒதுங்கி நிற்பார்கள். சேஸ் விஷயத்தில் சொன்ன அதே காரணம் இங்கேயும் வேலை செய்யும். ரிசீவர் அமாரி கூப்பரை 2024 அக்டோபரில் பஃபலோவுக்கு அனுப்பியபின் பந்தெல்லாம் இன்னொரு ரிசீவரான ஜெரி ஜூடியிடம் வந்தது. தன் பழைய அணியான டென்வருக்கு எதிராக 9 பந்து, 235 யார்டு பிடித்தார். அந்த ஆட்டமும் தோல்விதான், 41-32. ஆறாவது ரவுண்டுக்குப் பக்கத்தில் அவர் மிஞ்சினால் நல்ல பேரம். டேவிட் ஞோக்குவை அதற்கும் பின்னால் டைட் எண்டாக எடுக்கலாம். ஜோ ஃபிளாக்கோ திரும்ப வந்திருக்கிறார், தொடக்க குவார்ட்டர்பேக் அவர்தான் என்று அறிவித்துவிட்டார்கள். 2023 கடைசியில் அவர் வந்து எறிந்த வாரங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஹூஸ்டனில் கூப்பர் 265 யார்டு பிடித்தார், ஞோக்குவும் அந்த வாரங்களில்தான் மலர்ந்தார். ஃபிளாக்கோ பயமில்லாமல் எறிபவர். நாற்பது வயதில் எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பார் என்பதுதான் கேள்வி. 17ஆவது வாரம் ஸ்டீலர்ஸ் கிளீவ்லேண்டுக்கு வருகிறது, டிசம்பர் 28, ஏரிக்காற்று வீசும் திறந்த மைதானம். அன்று ஜூடியை இறக்கும் முன் வானிலையைப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. 2024இல் யார்டுக் கணக்கில் சேஸின் மிகப் பெரிய இரண்டு நாளும் பெங்கால்ஸ் தோற்ற நாள்கள். அவர் பத்துப் பந்து பிடிப்பதும் பிரவுன்ஸ் ஜெயிப்பதும் ஒரே மதியத்தில் நடக்கலாம். செப்டம்பர் 7 அன்று ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிரவுன்ஸுக்காகவே கத்துங்கள். 24, 25இல் யார் கிடைத்தார்கள் என்று சனிக்கிழமை இரவே எழுதுங்கள், பிரவுனா ஹிக்கின்ஸா என்று தெரியாமல் எனக்கும் தூக்கம் வராது.

அன்புடன்,
அக்கா