பெஞ்சு டிக்கெட் பதில்கள்

'பொன்னியின் செல்வன்' நாவலை நான்கு முறை படித்தவள் நான். என் மருமகள் படத்தை மட்டும் பார்த்தவள். மணிமேகலையை எங்கே காணோம் என்று நான் கேட்டால், "யார் அத்தை அது?" என்கிறாள். கல்கியைக் கெடுத்துவிட்டார்களா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, மன்னார்குடி

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். நாவலில் 293 அத்தியாயங்கள். 2022லும் 2023லும் வந்த இரண்டு படங்களும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். அத்தியாயத்துக்கு ஒரு நிமிடமும் கொஞ்சம் சில்லறையும்தான் தேறுகிறது. வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதைக் கல்கி சொல்லி முடிப்பதற்குள் நம் நிமிடம் தீர்ந்துபோகும். ஆகவே ஆள்குறைப்பு நடக்காமல் இருக்காது.

ஆனால் யாரைக் குறைப்பது என்பதில்தான் எனக்கும் உங்கள் கோபம் உண்டு. நாவலின் கடைசி அத்தியாயத்தின் பெயர் 'மலர் உதிர்ந்தது'. சதி, கொலை, பட்டாபிஷேகம் எல்லாம் ஓய்ந்த பிறகு, வாசகர்களை அழவைத்து அனுப்பக் கல்கி நம்பியது கந்தமாறனின் தங்கை மணிமேகலையைத்தான். மூன்றரை வருஷம் வாராவாரம் தொடராகப் படித்தவர்கள் கடைசியில் அவளுக்காகத்தான் மூக்கைச் சிந்தினார்கள். அவளை நீக்கிவிட்டால், நந்தினியும் கரிகாலனும் தின்று தீர்த்த பழைய காதல்தான் மிஞ்சுகிறது. மணிரத்னம் தெரிந்தேதான் அந்தக் காதலைக் கையில் எடுத்திருக்கிறார், இரண்டாம் படத்தின் கடம்பூர் மாளிகைக் காட்சியில் அது நிற்கவும் செய்கிறது. அது வேறு கதை, அவ்வளவுதான். ஜெயராமின் ஆழ்வார்க்கடியானுக்காக நான் பாதிக் கோபத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

மருமகளிடம் சண்டை வேண்டாம் அம்மா. நாவலின் முதல் பாகத்தை மட்டும் அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டாம் பாகம் கேட்டுக் கதவைத் தட்டினால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

புத்தகத்தை முதலில் படிப்பதா, படத்தை முதலில் பார்ப்பதா?
- கல்லூரி மாணவர், கோவில்பட்டி

எழுத்தாளர் பூமணியின் ஊர்ப்பக்கத்துக்காரராக இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா தம்பி? அவருடைய 'வெக்கை'யை முதலில் படியுங்கள். 1982இல் வந்தது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அண்ணன் சாவுக்குப் பழிவாங்கிவிட்டு அப்பாவுடன் எட்டு நாள் காட்டில் திரிகிறான். என்ன தின்றார்கள், எங்கே படுத்தார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தார்கள் என்பதுதான் பாதி நாவல். படமாக வந்த 'அசுரன்' அந்தக் கதையைப் பையன் தோளிலிருந்து எடுத்து அப்பன் தோளில் ஏற்றிவிட்டது. தனுஷ் தாங்கினார், தேசிய விருதும் வாங்கினார். ஆனால் படத்தை முதலில் பார்த்தவர்களுக்கு அந்தப் பையன் கடைசிவரை யாரோ ஒருவருடைய மகன்தான்.

சுஜாதாவின் கணேஷ் - வசந்த் வேடங்களுக்கு இன்றைய நடிகர்களில் யார் பொருத்தம்?
- ஒரு வாசகர், திருச்சி

ஓவியர் ஜெயராஜ் வரைந்த வக்கீல் கணேஷையே இன்றைக்கும் மனசில் வைத்திருக்கிறவனிடம் கேட்கிறீர்கள். 'ப்ரியா'வில் ரஜினிதான் கணேஷ். நாவல் லண்டனில் நடக்கும், 1978 படம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. எனக்கு ஊர் மாறியதில் வருத்தமில்லை, வக்கீல் பாட்டுப் பாடியதில்தான். ஜூனியர் வசந்த்தை விட்டுவிடுங்கள். அவன் ஜோக்குகளைத் தனியாகப் படித்தால் சிரிப்பு வரும், சத்தமாகச் சொன்னால் அடிக்க ஆள் வரும்.

நாவலை முழுசாகப் படிக்காமலே படமெடுத்தார் மகேந்திரன் என்று கேள்விப்பட்டேன். அது எழுத்தாளருக்கு அவமரியாதை இல்லையா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கரூர்

'முள்ளும் மலரும்' உமாசந்திரனின் நாவல், கல்கி இதழ் நடத்திய போட்டியில் பரிசு வாங்கியது. விஞ்ச் என்கிற மலை இழுவை வண்டி ஓட்டுகிற காளிக்குக் கை போகிற இடம் வரை படித்துவிட்டு, மகேந்திரன் மீதியைத் தானே எழுதிக்கொண்டார். டீச்சர், நீங்கள் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற கண்ணோடு இதைப் பார்க்கிறீர்கள். எனக்கென்னவோ, முழுசாகப் படித்துவிட்டு எதையும் விட மனசு வராமல் திணறுகிறவர்களைவிட இவர் மேல். கை போன பிறகு ரஜினி அந்தத் துண்டுத் தோளோடு மனைவி முன்னால் நிற்பது, மேலதிகாரி சரத்பாபுவை நேராகப் பார்க்க மறுப்பது, இதெல்லாம் அந்த ஓர் இடத்திலிருந்து முளைத்தவை. அவருடைய 'உதிரிப்பூக்க'ளும் அப்படித்தான். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைப் படித்துவிட்டுப் போனால் இரண்டும் தூரத்துச் சொந்தம் என்று தெரியும்.

நாவல்களை வெப் சீரிஸாக எடுத்தால் இந்தக் குறையெல்லாம் தீருமா?
- ஒரு வாசகர், ஓசூர்

நேரக்குறை தீரும். அடுத்த எபிசோட் ஐந்து நொடியில் ஓட ஆரம்பித்தால் தொடர்கதை எப்படி ஐயா ருசிக்கும்?

'தில்லானா மோகனாம்பாள்' மாதிரி நாவலும் படமும் இரண்டுமே நன்றாக அமைந்தது வேறு உண்டா?
- ஒரு வாசகி, நாகப்பட்டினம்

உண்டோ என்னவோ, எனக்கு இதைப் பற்றிப் பேசத்தான் ஆசை. கும்பகோணத்தில் என் அத்தை விகடனில் வந்த அந்தத் தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, சிவப்பு காலிகோ அட்டை போட்டுத் தைத்து வைத்திருந்தாள். கோபுலு வரைந்த படத்துக்குப் பின்பக்கம் பாதி அறுந்த தைல விளம்பரம் இருக்கும். நடுவில் இரண்டு அத்தியாயம் கிடையாது. இரவல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரி திருப்பித் தரவில்லை என்று சாகும்வரை திட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை வீட்டுத் தெருக்கோடியில் ஒரு நாகஸ்வர வித்வான் விடியற்காலையில் சாதகம் செய்வார். அதனால் 1968இல் படத்துக்குப் போகும்போதே அவளுக்கு ஒரே கவலைதான்: நாகஸ்வரக்காரராக நடிக்கிற சிவாஜி வாய் வைப்பதும் சத்தம் வருவதும் ஒட்டுமா? வாசித்தது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் என்பது ஊருக்கே தெரியும். 'நகுமோ' கீர்த்தனை வரும்போது அத்தை திரையில் வேறெதையும் பார்க்காமல் சிவாஜியின் கழுத்தை மட்டும் பார்த்தாளாம். மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்கிறார், கன்னம் உப்புகிற இடத்தில் உப்புகிறது, வாய் வைத்து ஊதுகிற சீவாளியை ஈரப்படுத்துகிறது கூடச் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னாள். கொத்தமங்கலம் சுப்பு எழுதியதில் எத்தனையோ போய்விட்டதே என்று மாமா இழுத்தபோது, "அதான் அலமாரியில இருக்கே" என்றாள். ஜில்ஜில் ரமாமணியை மட்டும் கடைசிவரை மனோரமா என்று சொன்னதே இல்லை, ரமாமணி என்றுதான் சொல்வாள்.

எந்த நாவலைப் படமாக எடுக்கவே கூடாது?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. கதாநாயகன் மரம். தயாரிப்பாளர் அதற்கு ஒரு ஜோடி கேட்பார்.