ஆப்பிரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, பிளாக் பாந்தர் படம் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன். காமிக்ஸில் எதிலிருந்து ஆரம்பிப்பது?

தம்பி, பிளாக் பாந்தர் முதலில் வந்தது 1966இல், 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 52ஆவது இதழில். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய பாத்திரம். அதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். 1973இல் டான் மெக்ரெகர் 'ஜங்கிள் ஆக்‌ஷன்' இதழில் எழுத ஆரம்பித்த 'பாந்தர்ஸ் ரேஜ்' தொடரை முதலில் எடுங்கள். அதுவரை அந்த இதழில் வந்துகொண்டிருந்தவை, காட்டை ஆளும் வெள்ளைக்கார வீரர்களின் பழைய கதைகள். மெக்ரெகர் வந்ததும் ஏறக்குறைய எல்லாப் பாத்திரங்களும் கறுப்பின மக்கள். வகாண்டா நாட்டு ராஜா டி'சாலாதான் பிளாக் பாந்தர்; அவன் அவெஞ்சர்ஸ் என்ற ஹீரோ அணியோடு அமெரிக்காவில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறான். "நாங்கள் தவித்தபோது நீ எங்கே போயிருந்தாய்?" என்ற கோபம் அவன் மக்களிடமே இருக்கிறது. கடைசி மோதலில் எதிரி கில்மாங்கரை அருவியிலிருந்து தள்ளிவிடுவது ராஜா இல்லை, கான்ட்டு என்கிற சின்னப் பையன். தகப்பனைப் பறிகொடுத்தவன். சூப்பர் ஹீரோ கதையில் இப்படி ஒரு முடிவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கேள்வி: 'எக்ஸ்-மென்' கதைகளில் வானிலையை ஆட்டுவிக்கும் ஸ்டார்ம் ஆப்பிரிக்க நாயகியா, அமெரிக்க நாயகியா?

அம்மா கென்யா, அப்பா அமெரிக்கர், வளர்ந்தது கெய்ரோவில். சின்ன வயதில் இடிபாடுகளில் சிக்கியதால் அடைபட்ட இடம் என்றாலே அவளுக்கு நடுக்கம். வானத்தையே ஆட்டுவிக்கிறவளுக்கு இப்படி ஒரு பயத்தை வைத்தது அருமையான யோசனை. ஆனால் 1975இல் அவள் அறிமுகமாகும் காட்சியைப் பாருங்கள். கென்யாவில் வறட்சி. மக்கள் மழை கேட்டு வருகிறார்கள், இவளும் பெய்விக்கிறாள். பிறகு எக்ஸ்-மென் அணிக்கு ஆள் சேர்க்கும் பேராசிரியர் எக்ஸ் வந்து கூப்பிட்டதும் கிளம்பிவிடுகிறாள். அடுத்த வறட்சிக்கு அந்த ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று அந்த இதழ் கவலைப்படவில்லை. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது.

கேள்வி: வகாண்டாவே கற்பனை நாடு. அதைக் கொண்டாடுவது சரியா?

சரிதான், அதில் எனக்குத் தடையில்லை. எவருக்கும் அடிமைப்படாத ஓர் ஆப்பிரிக்க நாட்டை 1966இல் அமெரிக்கப் பத்திரிகைக் கடையில் தொங்கவிட்டது பெரிய காரியம். நான் பார்ப்பது வேறு: ஹீரோ யாருக்காகச் சண்டை போடுகிறான்? பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனத்தின் பேட்விங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் வந்த தொடர். காங்கோவைச் சேர்ந்த டேவிட் ஜவிம்பே, சிறுவயதில் கட்டாயமாகப் போர்வீரனாக்கப்பட்டவன், பிறகு போலீஸ்காரன். களம் அவ்வளவு கனமானது. இரண்டே வருஷத்தில் அவனை ஓரங்கட்டி, அந்த உடுப்பை லூக் ஃபாக்ஸ் என்ற அமெரிக்கனுக்கு மாட்டிவிட்டார்கள். கதை பேட்மேனின் கோத்தம் நகரத்துக்குப் போய்விட்டது. அங்கே நான் நிறுத்திவிட்டேன்.

கேள்வி: ஆப்பிரிக்கர்களே உருவாக்கிய ஹீரோக்கள் உண்டா சார்?

நிறைய. 1975இல் நைஜீரிய வாசகர்களுக்காக 'பவர்மேன்' வந்தபோது, வரைந்தவர்கள் டேவ் கிப்பன்ஸ், பிரையன் போலண்ட் என்ற இங்கிலாந்துக்காரர்கள். இன்றைக்கு நிலைமையே வேறு. லாகோஸின் காமிக் ரிபப்ளிக் நிறுவனம் 2013இலிருந்து இயங்குகிறது. அவர்களுடைய கார்டியன் பிரைம் அணிவது நைஜீரியக் கொடியின் பச்சையும் வெள்ளையும். ரோய் ஒகுபேயின் 'எக்ஸோ' 2015இல் வந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் வாலே வில்லியம்ஸ் சொந்த ஊரின் ஊழலோடு மோதுகிறான். எத்தியோப்பியாவின் 'ஜெம்பர்' அம்ஹாரிக் மொழியிலும் கிடைக்கிறது.

என் மனசுக்குப் பிடித்தது தென்னாப்பிரிக்காவின் 'க்வேசி'. லோயிசோ ம்கீசே 2014இல் ஆரம்பித்தது. பத்தொன்பது வயதுப் பையன், சக்தி கிடைத்ததும் முதலில் ஆசைப்படுவது புகழுக்கு. ஊரைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் மெதுவாகத்தான் வருகிறது. பேச்சில் உள்ளூர்க் கொச்சை தாராளம். புரியாத இடத்தில்கூட அவன் தொனி புரிந்துவிடும்.

கேள்வி: நான் முத்து காமிக்ஸ் காலத்து ஆள். மந்திரவாதி மாண்ட்ரேக்கின் கதையில் வரும் லொதார்தானே முதல் ஆப்பிரிக்க ஹீரோ?

காலத்தால் முந்தியவர், ஐயா. 1934ஆம் வருஷத்துப் பாத்திரம். ஆனால் ராஜ வம்சத்தில் பிறந்த மனிதரைச் சிறுத்தைத் தோல் உடுத்தி, அரைகுறை ஆங்கிலம் பேசும் பணியாளாகத்தான் வைத்திருந்தார்கள். அறுபதுகளில் ஃபிரெட் ஃபிரெடெரிக்ஸ் வரையத் தொடங்கிய பிறகே தோற்றமும் பேச்சும் மாறின. நம்மில் பலர் அவரை விரும்பிப் படித்தோம். அந்தப் பிரியத்தை விட வேண்டியதில்லை, பழைய படங்களை இப்போதைய கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நாயகிகளில் யாரை வாங்கித் தரலாம் அண்ணா?

பிளாக் பாந்தரின் தங்கையைப் பற்றி 2018இல் வந்த 'ஷுரி' தொடர், சகோதரி. எழுதியவர் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த நெடி ஒகோராஃபோர். அண்ணன் விண்வெளியில் காணாமல்போக, பாந்தர் பொறுப்பை ஏற்கச் சொல்லி எல்லாரும் நெருக்குகிறார்கள். ஷுரிக்கோ பிடித்த இடம் அவளுடைய ஆய்வுக்கூடம். அப்புறம் ஒகுபேயின் 'மாலிகா': பதினைந்தாம் நூற்றாண்டு மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு போர்வீர அரசி. அதில் போர்க் காட்சிகள் நிறைய வரும், நீங்கள் முதலில் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.