சங்கிலியைக் கழற்றலாமா? (கடிதமும் பதிலும்)

அண்ணாவுக்கு வணக்கம்.

நாய்களை ஏற்றிக்கொண்டு மலையில் சுற்றுவது பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவள் நான். எங்களிடம் மூன்று இருக்கின்றன. மூன்றும் தெருவில் எடுத்தவை, வெள்ளவத்தை வீட்டு முற்றத்தைத் தவிர வேறு உலகம் தெரியாதவை. ஏப்ரல் விடுமுறைக்கு வான் வண்டியில் போட்டு நுவரெலியா பக்கம் கொண்டுவரலாம் என்று என் கணவர் சொல்கிறார். எந்த ரோடு நல்லது? ஹோர்ட்டன் சமவெளிக்குள் நாயை விடுவார்களா? ஒரு நாளாவது காட்டுக்குள் சங்கிலியைக் கழற்றிவிட்டு அவை ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அது சரியா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கழற்றாதீர்கள்.

நான் கழற்றியவன். நாலைந்து வருடத்துக்கு முன்பு ஒரு காலையில், தேயிலை மலை முடிந்து காட்டுத் தொங்கல் தொடங்குகிற இடத்தில் வானை நிறுத்திவிட்டு, ஐந்து நாய்களையும் அவிழ்த்துவிட்டேன். பத்து நிமிடம் சொர்க்கம்தான், பொய் சொல்ல மாட்டேன். மானாப் புல்லுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தன, நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தன. அப்புறம் கறுப்பன் மூக்கைத் தூக்கினான். அவ்வளவுதான். ஐந்தும் ஒரே குரலில் கத்திக்கொண்டு காட்டுக்குள் இறங்கின, அந்தக் குரலை நான் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை, தட்டில் சோறு வைக்கப் பிந்தினால் முனகுகிற, இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே ஒளிகிற என் நாய்கள்தானா இவை என்று நின்றேன். கீழே ஏதோ பெரிய உடம்பு புதரை முறித்துக்கொண்டு ஓடுகிற சத்தம். மரையாகத்தான் இருக்கும், இந்தக் காட்டுப் பெரிய மான்.

இரண்டு மணி நேரம் விசில் அடித்து அடித்து வாய் வலித்தது. நாலு திரும்பி வந்தன. கறுப்பன் வரவில்லை. அந்த வழியாக வந்த தோட்டத்து வாச்சர் ஒருவர் என்னையும் நாய்களையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன சார், பன்னிக்கா?" என்றார். பன்றி வேட்டைக்கு வந்தவன் என்று நினைத்துவிட்டார். எனக்கு முகம் சுருங்கிப் போனது, ஆனால் அவர் கேட்டதில் என்ன தப்பு? ஐந்து நாயோடு காட்டோரத்தில் நிற்கிறவன் வேறு எதற்கு வந்திருப்பான்? விஷயத்தைச் சொன்னதும் அவரே கூட வந்தார். மரக்கறித் தோட்டம் ஒன்றின் வேலியோரம், பன்றிக்குக் கட்டியிருந்த கம்பிச் சுருக்கில் இடுப்பு மாட்டி, கத்தக்கூடத் திராணியில்லாமல் கிடந்தான். வாச்சர் குறட்டால் வெட்டி எடுத்தார். இன்றைக்கும் கறுப்பனுக்கு இடுப்பைச் சுற்றி மயிர் முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. அன்றிலிருந்து என் வானில் டயர் இல்லாவிட்டாலும் குறடு இருக்கும்.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டமொன்றில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டி, மீட்டுக் கொண்டுபோயும் சில நாளில் செத்தது ஞாபகம் இருக்கிறதா? அதே மாதிரிக் கம்பிதான். பன்றிக்கென்று கட்டுவது, ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது, வெள்ளவத்தை நாய் எது என்று தெரியாது. சிறுத்தை என்றதும் இன்னொன்று: மலைநாட்டுச் சிறுத்தைக்கு நாய் பிடித்தமான சாப்பாடு. லயத்து வாசலில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு வாசலில்) படுத்திருந்த நாயைத் தூக்கிப் போன கதை இல்லாத தோட்டம் குறைவு. அதனால் பொழுது சாயுமுன் எல்லாவற்றையும் ஏற்றிக் கதவைச் சாத்திவிடுங்கள்.

ஒரு நாய் வேறு, மூன்று நாய் வேறு என்பதை நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். மூன்று சேர்ந்தால் அது வேட்டைக் கூட்டம், நாம் அதற்கு என்ன செல்லப் பெயர் வைத்திருந்தாலும் சரி. இந்த மலைகளுக்கு அது பழைய கதையும்கூட. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் வேட்டை நாய்ப் பட்டாளம் ஒன்றை வைத்துக்கொண்டு இதே காடுகளில் மரை துரத்தினார். நாய்கள் மரையை ஆற்றுக்குள் இறக்கிச் சுற்றி நிற்கும், பின்னால் ஓடிவருகிறவர் கத்தியால் முடிப்பார். ஹோர்ட்டன் சமவெளியில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரில்தான் இருக்கிறது. அங்கே நின்று படம் எடுக்கும்போது நான் மரைகளை நினைத்துக்கொள்வேன். சரி, அது என் பிரச்சினை.

ஹோர்ட்டன் சமவெளிக்குள் நாயை விட மாட்டார்கள். 1988 முதல் அது தேசியப் பூங்கா. இதில் ஒரு பொறி இருக்கிறது: பட்டிப்பொலையிலிருந்து ஒஹியவுக்குப் போகும் ரோடு பூங்காவை ஊடறுத்துத்தான் போகிறது. போன் வரைபடம் குறுக்கு வழி என்று காட்டும், நம்பிப் போனால் வாயிலில் நாய்களோடு திரும்ப வேண்டியதுதான். நுவரெலியா டவுனை ஒட்டியிருக்கும் கல்வேஸ் லேண்டும் 2006இல் தேசியப் பூங்காவாகிவிட்டது, அதுவும் இல்லை.

ரோடு விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் நுவரெலியா டவுனுக்குள் நாய்களோடு வராதீர்கள். வசந்த காலக் கூட்டம், கார் ஓட்டப் போட்டி, பாட்டுச் சத்தம், வெடி, உங்கள் நாய்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். டவுனை விட்டுக் கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவை என்று போகும் ரோட்டைப் பிடியுங்கள். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து இராகலை வரைக்கும் சின்ன ரயில் ஒன்று இந்தப் பக்கமாகத்தான் ஓடியது, 1940களில் மூடிவிட்டார்கள். கந்தப்பளையில் மரக்கறி, அதைத் தாண்டினால் தேயிலை, இடையிடையே சவுக்கும் யூகலிப்டஸும். எனக்கு இந்த ரோட்டில் அவசரமாகப் போகவே தெரியாது. இன்னொன்று, தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை, டயகம. போகப் போக ஹோர்ட்டன் சமவெளியின் மேற்குச் சுவர் எதிரே எழும்பி நிற்கும், உள்ளே போகாமலே பார்த்துவிடலாம். பண்டாரவளைப் பக்கம் வந்தால் வெலிமடையிலிருந்து பொரலந்தை ரோடு. லிப்டன் சீட் என்ற மலையுச்சியை எல்லோரும் சொல்வார்கள். தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து 7 கிலோமீட்டர் ஏற்றம், காட்சி நல்லதுதான், ஆனால் ஆட்டோக்கள் விடாமல் ஏறி இறங்கும், நாயோடு நடக்க நிம்மதி இல்லை. போவதென்றால் விடியற்காலையில், மூடுபனி ஏறுமுன்.

தோட்ட ரோட்டில் ஏறி வரும் வாகனத்துக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். முடக்கில் ஹோர்ன் அடியுங்கள், கொழுந்து லொறி நடு ரோட்டில்தான் வரும். நாய்களுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்காமல் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் கினிகத்தேனை தாண்டுமுன் சீட்டெல்லாம் வாந்தி. ஏப்ரலில் மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மழையும் வரும், நடையைக் காலையில் முடித்துவிடுங்கள். மே பிறந்தால் அட்டன், மஸ்கெலியா பக்கம் மழை கொட்டும், அந்த நேரத்தில் பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும், அடுத்த முறைக்கு அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மண்சரிவு எச்சரிக்கை போட்டிருந்தால் எவ்வளவு ஆசை இருந்தாலும் பின் ரோடுகளில் ஏறாதீர்கள். 2014 அக்டோபரில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன மலை இங்கேதான் இருக்கிறது.

நடக்க பைனஸ் காடு நல்லது. கீழே புதர் குறைவு, நாய் எங்கே நிற்கிறது என்று தெரியும், அட்டையும் அவ்வளவாக இல்லை. ஊசி இலை மட்டும் வழுக்கும். நீளமான கயிறு, ஐந்து ஆறு மீட்டர், ஆளுக்கொரு நாய், மூன்றாவதுக்கு ஒரு மருமகனையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். தேயிலைக்குள் கொழுந்து எடுக்கிற ஆட்கள் நிற்கும்போது நாயை மலைக்குள் விடவே கூடாது. குளவி. தேயிலைச் செடிக்குள்ளும் மரத்திலும் கூடு இருக்கும், நாய் புகுந்து கலைத்துவிட்டு ஓடிவிடும், கொட்டு வாங்குவது முதுகில் கூடையோடு சரிவில் நிற்கிற அக்காமார். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்ற செய்தி இங்கே எத்தனை முறை வருகிறது என்று பேப்பர் பார்ப்பவர்களுக்குத் தெரியும். நம் நாய் ஓடுவதைப் பார்க்கிற ஆசைக்கு அவர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? மருந்து அடித்த மலையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், நாய் பாதத்தை நக்கும். எந்தத் தோட்டமானாலும் வாச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே இறங்குங்கள், கம்பி எங்கே கட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

விசர்நோய் (ரேபிஸ்) ஊசி மூன்றுக்கும் போட்டாயிற்றா? லயத்துப் பக்கம் போனால் அந்த ஊர் நாய்கள் சும்மா விடாது, அங்கே வானை விட்டு இறக்காதீர்கள். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல் உப்புத் தண்ணீர் விடுங்கள், விரல் இடுக்கும் காதும் பாருங்கள். நடந்து வந்த பிறகு ஒரு நாய் விடாமல் தும்மி, ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் வந்தால் உள்ளே அட்டை போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள், நீங்களே உப்பை மூக்குக்குள் ஊற்ற வேண்டாம்.

ஓட விடத்தான் வேண்டும் என்றால், பண்டாரவளைக்குப் பக்கத்தில் நாலு பக்கமும் வேலி போட்ட உருளைக்கிழங்குக் காணி ஒன்று எனக்குத் தெரிந்தவரிடம் இருக்கிறது, கிழங்கு கிண்டி முடித்து வெறுமையாகக் கிடக்கும் நேரத்தில் என் ஐந்தையும் அங்கேதான் அவிழ்க்கிறேன். காடு இல்லை, காட்சியும் பெரிதாக இல்லை, வெறும் மண். கறுப்பன் அதில் உருண்டு சிவப்பனாகித் திரும்புவான். வருகிற திகதியை எழுதுங்கள், அவரிடம் கேட்டு வைக்கிறேன். பழைய துவாய் நாலு கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்