முதாகுச்சியின் உறுதியும் ஸ்லிமின் ஒப்புதலும்

கேள்வி: போர்க்காலத்தில் படைத்தலைவருக்கு வேண்டியது எதற்கும் அசையாத உறுதி ஒன்றுதானே? வீரர்களின் வயிற்றுப்பாட்டைக் கவனித்துக்கொண்டும் தன் தவறுகளை ஒப்புக்கொண்டும் இருக்கும் தளபதியால் வெல்ல முடியுமா? (வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: முடிந்திருக்கிறது, அதுவும் நம் நாட்டு எல்லையிலேயே. 1944ஆம் ஆண்டு மார்ச் முதல் ஜூலை வரை இம்பாலிலும் கோஹிமாவிலும் நடந்த போரில், நீங்கள் குறிப்பிடும் இரு வகைத் தளபதிகளும் எதிரெதிரே நின்றார்கள். நீங்கள் கேட்கும் அந்த அசையாத உறுதி, ஜப்பானின் 15ஆவது படையை நடத்திய முதாகுச்சி ரென்யாவிடம் வேண்டிய அளவுக்கு இருந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையினர் பெரும்பான்மையாக இருந்த 14ஆவது படையை நடத்தியவர் வில்லியம் ஸ்லிம். இளமையில் பள்ளி ஆசிரியராகவும் எழுத்தராகவும் வேலை பார்த்த அவர், 1942இல் பர்மாவிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் பின்வாங்கி வந்த படையின் தலைவர், அதாவது, தோற்றவர்.

தோற்றவர் முதலில் கவனித்தது போர் உத்தியை அல்ல, மலேரியாவை. 1943இல் காயம்பட்டுப் பின்னே அனுப்பப்பட்ட ஒவ்வொரு வீரருக்கும் நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர் என்ற நிலை இருந்தது. வீரர்கள் மெபாக்ரின் மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறார்களா என்று முன்னறிவிப்பின்றிச் சோதிக்கச் செய்தார். நூற்றுக்கு 95 பேராவது விழுங்கியிருக்காத பிரிவின் அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கினார். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். முன்னணி வீரர்களுக்கு அரை உணவு என்றால் தன் தலைமையகத்துக்கும் அரை உணவுதான் என்று விதித்தார். கூர்க்கா வீரரிடம் அவர் மொழியிலும் மற்றவர்களிடம் உருதுவிலும் பேசினார். இதை இளகிய மனம் என்று நீங்கள் எண்ணினால், நீக்கப்பட்ட அந்த மூன்று அதிகாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதாகுச்சியின் திட்டம் ஏறத்தாழ மூன்று வார உணவோடு பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்து, மலைகளைத் தாண்டி, இம்பாலில் இருக்கும் கிடங்குகளைப் பிடித்து, எதிரியின் அரிசியையே உண்பது. சுமை தூக்கவும் பின்னர் உணவாகவும் ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். அவற்றில் பெரும்பகுதி ஆற்றிலும் மலைச்சரிவிலும் மடிந்தது. உணவு கொண்டுவர ஸ்லிமிடம் விமானங்கள் இருந்தன, முதாகுச்சியிடம் இல்லை, ஆகவே இந்த ஒப்பீடு நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் விமானம் இல்லாத படை அந்த மலைகளில் உணவின்றித் தவிக்கும் என்பதை, போக்குவரத்துத் துறையை நன்கறிந்தவரான ஒபாட்டா என்ற அவருடைய சொந்தத் தலைமை அலுவலரே முன்கூட்டிச் சொன்னார். இடித்துரைத்த அவரைப் பதவியிலிருந்து அகற்றியதுதான் முதாகுச்சியின் உறுதி. போர் முடிவதற்குள் அவருக்குக் கீழிருந்த மூன்று டிவிஷன் தளபதிகளும் நீக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுள் சாத்தோ, கோஹிமாவில் தன் வீரர்களுக்கு வாக்களிக்கப்பட்ட உணவும் குண்டும் வாரக்கணக்கில் வந்து சேராததால், கட்டளையை மீறிப் பின்வாங்கியவர். நடந்ததை இராணுவ நீதிமன்றத்தில் சொல்ல அவர் விரும்பினார். மனநிலை சரியில்லாதவர் என்று அறிவித்து அந்த வாயையும் அடைத்துவிட்டார்கள்.

ஸ்லிம் தவறே செய்யாதவர் அல்லர். தாக்குதல் தொடங்கும் நாளைப் பிழையாகக் கணித்தார். கோஹிமாவுக்கு ஒரு ரெஜிமெண்ட்தான் வரும் என்று எண்ணியிருந்தபோது முழு டிவிஷனே வந்து, அங்கிருந்த சிறு காவற்படையைச் சூழ்ந்தது. பிழை என்று தெரிந்த உடனே, பர்மாவின் மேற்குக் கரைப் பகுதியான அரக்கானிலிருந்த 5ஆவது இந்திய டிவிஷனை விமானங்களில் கொண்டுவரச் செய்தார். பின்னர், 1956இல் வெளிவந்த தம் நினைவுநூலில், பிழை தம்முடையது என்று வெளிப்படையாகவே எழுதினார். ஒப்புக்கொண்டதால்தான் திருத்த முடிந்தது என்பது என் எண்ணம்.

ஜப்பானியரோடு வந்த இந்திய தேசிய ராணுவத்தினரும் அதே பசியையும் நோயையும் அனுபவித்தார்கள். அவர்களுடைய நோக்கத்தின் மீது எனக்குள்ள மரியாதை வேறு, அவர்கள் நம்பி வந்த அந்தத் திட்டத்தைப் பற்றிய மதிப்பீடு வேறு. இரண்டையும் கலக்க வேண்டாம்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் முதாகுச்சியை அவருடைய மேலதிகாரி கவாபே நேரில் சந்தித்தார். படையெடுப்பு தோற்றுவிட்டது என்று இருவருக்கும் தெரியும். நிறுத்திவிடலாம் என்று சொல்ல இருவருக்குமே வாய் வரவில்லை. தன் முகத்தைப் பார்த்து அவர் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்த்ததாக முதாகுச்சி பின்னாளில் கூறினார். நிறுத்தும் கட்டளை ஜூலையில்தான் வந்தது. அந்த ஒரு மாதமும் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 85,000 பேரோடு தொடங்கிய படையெடுப்பில் சுமார் 30,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் நோயும். எஞ்சியவர்கள் சிந்த்வின் ஆற்றை நோக்கித் திரும்பி நடந்த வழிக்கு ஜப்பானிய வீரர்களே வெள்ளெலும்புச் சாலை என்று பெயரிட்டார்கள்.