பேப்பர் கோன் ஸ்பீக்கருக்கு ஃபெவிகால், வார்னிஷ் பூசினால் சத்தம் நன்றாகுமா?

கேள்வி கேட்டவர் வீடு சென்னை ராயபுரத்தில், கடற்காற்று நேராகப் படும் மாடி. 8 இன்ச் பேப்பர் கோன் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வைத்திருக்கிறார். குரல் கத்துகிறது, பேஸும் போதவில்லை, எதைப் பூசலாம் என்று கேட்கிறார்.

கத்தலுக்குப் பூச்சு உதவும். பேஸுக்காகப் பூசாதீர்கள்.

8 இன்ச் கோனும், அதன் கழுத்தில் ஒட்டிய கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலும் சேர்ந்து ஆடும் எடை 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த பூச்சு 2 கிராம் ஏறினால் 60 ஹெர்ட்ஸில் இருந்த ரெசொனன்ஸ் (கோன் இயல்பாகவே அதிகம் ஆடும் சுரம்) 57-க்குத்தான் இறங்கும். காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் சத்தம் 0.8 டெசிபல் குறையும், அது போனது போனதுதான். பேஸ் வேண்டுமென்றால் பெட்டியின் கொள்ளளவையும், காற்றுக் கசிவையும், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள்.

கத்தல் வேறு விஷயம். தாழ்ந்த சுரங்களில் கோன் முழுசாக ஒரே துண்டாக முன்னும் பின்னும் போகும். 2,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் போனதும் காகிதம் வளைந்து, பகுதி பகுதியாகத் தனித்தனியே ஆட ஆரம்பிக்கும். கழுத்திலிருந்து கிளம்பும் அதிர்வு வெளி விளிம்பில் மோதித் திரும்பி வருவதால் சில சுரங்கள் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். அந்த அதிர்வை விழுங்கும் மெத்தென்ற பூச்சு தேவை. வார்னிஷ் மாதிரி இறுகிக் கண்ணாடியாகும் பூச்சு அதிர்வைக் குறைக்காது, இன்னும் மேல் சுரத்துக்குத் தள்ளி, கூர்மையாக்கிவிடும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காய்ந்தால் நொறுங்கும் அளவுக்கு இறுகும். ஈரக்காற்றில் பூசினால் வெள்ளை பூத்தும் போகும். மர வேலைக்கு அடிக்கும் என்.சி. லாக்கரும் தின்னரும் அறவே வேண்டாம். கோன் நடுவில் இருக்கும் மூடியான டஸ்ட் கேப்பை ஒட்டிய பசையையும், கோனைச் சுற்றி மடிப்பாக இருக்கும் ஃபோம் ஓரத்தையும் தின்னர் கரைத்துவிடும்.

ஃபெவிகால் மெத்தென்று காயும், கத்தலையும் அடக்கும். கடலிலிருந்து தள்ளிய ஊரில், ஏசி அறைக்குள் இருக்கும் ஸ்பீக்கருக்கு அது போதும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி இடத்தில், உப்புக் காற்று வீட்டுக்குள் வரும் அறையில், காய்ந்த ஃபெவிகால் படலம் மறுபடி ஈரம் குடித்து இளகும். கோனும் அதோடு சேர்ந்து கனமாகும். அங்கே தண்ணீர் விட்டுக் கலக்கும், காய்ந்த பின் தண்ணீரில் கரையாத தெளிவான அக்ரிலிக் மீடியம் நல்லது. ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மேட் வகை வாங்குங்கள். பளபளக்கும் வகை பார்க்கவும் நன்றாக இருக்காது, வெயில் நாளில் பிசுபிசுக்கவும் செய்யும்.

அளவுதான் இந்த வேலையின் உயிர். நகை எடை போடும் சின்னத் தராசு 0.01 கிராம் வரை காட்டும், ஆனால் ஒன்றரைக் கிலோ ஸ்பீக்கரை அதில் வைக்க முடியாது. அதனால் ஸ்பீக்கரை விட்டுவிட்டு, கலவைக் கிண்ணத்தையும் பிரஷையும் சேர்த்து எடை போடுங்கள். பூசி முடித்து மறுபடி போடுங்கள். குறைந்தது எவ்வளவோ, அதுதான் கோனில் ஏறிய ஈர எடை. ஃபெவிகாலில் ஏறக்குறைய பாதி தண்ணீர். சம அளவு தண்ணீர் கலந்தால் காய்ந்து மிஞ்சுவது கால் பங்கு. 4 கிராம் பூசினால் 1 கிராம் நிற்கும். 8 இன்ச்சுக்கு அந்த 1 கிராமே போதும், ஒன்றரையைத் தாண்ட வேண்டாம். அக்ரிலிக்கையும் இதே மாதிரி சம அளவு தண்ணீர் விட்டே பூசுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே எடை ஏற வேண்டும், இல்லாவிட்டால் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும்.

முதல் சுற்றில் கோன் முழுக்கப் பூச வேண்டாம். வெளி விளிம்பிலிருந்து உள்ளே ஒன்றரை சென்டிமீட்டர் பட்டை மட்டும் பூசி, காயவிட்டுக் கேளுங்கள். அதிர்வு மோதித் திரும்பும் இடமே அதுதான். பாதிப் பேருக்கு மேல் அத்தோடு நிறுத்திவிடலாம்.

ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றி, கோன் மேலே பார்க்கச் சமமாக வையுங்கள். மெல்லிய காய்ந்த பிரஷால் தூசு தட்டுங்கள், ஈரத்துணி போடாதீர்கள். அரை இன்ச் தட்டைப் பிரஷைக் கலவையில் தோய்த்து, கிண்ண ஓரத்தில் நன்றாக வழித்துவிட்டு, உள்ளிருந்து வெளியே இழுங்கள். சொட்டு உள்நோக்கி ஓடினால் டஸ்ட் கேப் ஓரத்தில் தேங்கும். அங்கே பசை விட்டிருந்தால் கழுத்துக்குள் இறங்கி வாய்ஸ் காயில் ஆடும் இடைவெளியில் உறைந்துவிடும். அதன் பிறகு கோன் மாற்றுவதுதான் வழி. அதனால் டஸ்ட் கேப்பைச் சுற்றி அரை சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். துணி டஸ்ட் கேப் என்றால் அது காற்று போய்வரும் வழி, அதை அடைக்காதீர்கள். ஓரத்தைக் காக்க டேப் ஒட்டும் யோசனையும் வேண்டாம், உரிக்கும்போது காகித நாரும் கூடவே வந்துவிடும்.

ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் ஒரு பக்கம் மட்டும் நனைந்த நார் ஊதும், காயும்போது சுருங்கி இழுக்கும், கோன் கோணும், வாய்ஸ் காயில் உரசும். மெல்லிய கோட், ஒரு நாள் இடைவெளி, அடுத்த கோட். மின்விசிறிக் காற்று போதும். ஹேர் டிரையரும் மொட்டை மாடி வெயிலும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். மாசி, பங்குனி தோது.

ஓரத்தைத் தொடாதீர்கள். மடிப்புத் துணி ஓரத்தில் ஃபெவிகால் பட்டால் விறைத்து, இருக்கிற பேஸும் போய்விடும். அதில் ஏற்கெனவே பிசுக்கு இருந்தால் அது கம்பெனி போட்டது, துடைக்காதீர்கள். ஃபோம் ஓரம் விரலில் மாவாக உதிர்ந்தால், ஈரத்தில் ஃபோம் செத்துவிட்டது என்று அர்த்தம். பூச்சு அதைப் பிழைக்க வைக்காது, புது ரிங்தான் ஒட்ட வேண்டும். நடுவில் சின்னதாக இன்னொரு கோன் இருந்தால் அதிலும் பூச்சு வேண்டாம். மேல் சுரம் வருவதே அதிலிருந்துதான்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஆடி மாதக் கூழ் வார்த்தலுக்குத் தெருவில் 15 இன்ச் பெட்டி அடுக்குபவர்களுக்குக் கணக்கு வேறு. ஆடும் எடை 100 கிராம் என்றால் 4 கிராம் அக்ரிலிக் ஏறினாலும் நஷ்டம் 0.3 டெசிபல்தான். திடீர் மழைச் சாரலில் கோன் ஊறாமல் இருக்க அது கொடுக்கத் தகுந்த விலை.

பூசுவதற்கு முன்னும் பின்னும் ரெசொனன்ஸ் அளந்து எழுதிவையுங்கள். ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் தொடராகப் போடுங்கள். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் மூலம் 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் காட்டும் ஏசி வோல்ட் எந்த ஹெர்ட்ஸில் உச்சமோ அதுதான் ரெசொனன்ஸ். பலர் சொல்லும் 1,000 ஓம் ரெசிஸ்டரில் வரும் வோல்ட், மலிவு மல்டிமீட்டரில் சரியாகத் தெரியாத அளவுக்குக் குறைவு. பூசிய பின் எண் கொஞ்சம் இறங்கியிருந்தால் சரி. ஏறியிருந்தால் ஓரத்தில் எங்கோ பூச்சு பட்டிருக்கிறது. கடைசியில் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, சத்தம் குறைவாக வைத்து 20 முதல் 200 வரை ஓட்டுங்கள். கரகரவென்று உரசல் கேட்டால் உடனே நிறுத்தி, இரண்டு நாள் சமமாக வைத்து ஈரம் முழுதும் போன பிறகு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் உரசினால், கோன் மாற்றும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். விரலால் அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.