நியூயார்க் துரித உணவகச் சுகாதாரச் சோதனைப் பதிவுகள்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெரு பர்கர் கடையின் பதிவில் 12 புள்ளிகள் என்றுள்ளது. நூற்றுக்குப் பன்னிரண்டா?

பதில்: இல்லை. நியூயார்க்கில் இவை குற்றப் புள்ளிகள். குறையக் குறைய நல்லது. 2010 ஜூலையில் தொடங்கிய, கடை வாசலில் எழுத்தை மாட்டும் தர அட்டை முறைப்படி 13 வரை ஏ, 14 முதல் 27 வரை பி, அதற்கு மேல் சி. லாஸ் ஏஞ்சல்ஸில் இதற்கு நேர்மாறாக நூறிலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள்.

கேள்வி: அப்படியானால் ஏ அட்டையை நம்பி உள்ளே போகலாமா?

பதில்: எழுத்தை விட்டுவிட்டு, சோதனைப் பதிவில் மீறல்களைச் சொல்லும் வரிகளைப் படியுங்கள். பொதுச் சுகாதார ஆபத்து எனப்படும் மீறலுக்குக் குறைந்தது 7 புள்ளிகள், கடுமையான மீறலுக்கு 5, சாதாரண மீறலுக்கு 2. பொரித்த கோழியை 140 பாரன்ஹீட்டுக்குக் கீழே ஆறவிட்டு, கழுவாத கீரையையும் பரிமாறிய கடை 12 புள்ளிகளோடு ஏ பெறலாம். ஆறு சில்லறைக் குறைகள் உள்ள கடையும் அதே 12 புள்ளிகளோடு அதே ஏ பெறலாம். நான் இரண்டாவது கடையில்தான் சாப்பிடுவேன். முந்தைய ஆண்டுகளின் பதிவுகளையும் பாருங்கள். ஒரே மீறல் மூன்று முறை வந்திருந்தால், அது அன்றைய தவறு அல்ல, அந்தச் சமையலறையின் வழக்கம்.

கேள்வி: ‘தரம் நிலுவையில்’ என்ற அட்டை, சி வாங்கியவர் ஒளிந்துகொள்ளும் திரைதானே?

பதில்: முதல் சோதனையில் 14 அல்லது அதற்கு மேல் வந்தால் தரம் தராமல் மறுசோதனைக்கு வருவார்கள். அதிலும் பி அல்லது சி வந்தால், விசாரணை முடியும்வரை நிலுவை அட்டையை மாட்டிக்கொள்ள உரிமையாளருக்கு உரிமை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்தையும் கேட்க வேண்டுமல்லவா?

மீண்டும் அவரே: அதுவரை சாப்பிடுபவரின் பக்கத்தைக் கேட்பது யார்?

பதில்: நியாயமான கேள்விதான். புள்ளிகள் நகரச் சுகாதாரத் துறையின் இணையதளத்தில் இருக்கின்றன என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஆனால் பசியோடு வாசலில் நிற்பவர் அட்டையைத்தான் பார்ப்பார் என்பதால், அந்த அளவுக்கு நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்.

கேள்வி: ஏ என்றால் சுத்தம் என்றுதானே பொருள்?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள். வரிகள், எழுத்து அல்ல.

கேள்வி: சாப்பிட்டபின் வயிற்றுப்போக்கு, என்ன மருந்து?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள். புகாருக்கு 311 எண்ணை அழையுங்கள்.

கேள்வி: நேற்றுதான் சோதனை முடிந்த கடை, இன்று பாதுகாப்பானதுதானே?

பதில்: 2007 பிப்ரவரியில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதித் துரித உணவகம் ஒன்றில் எலிகள் கூட்டமாக ஓடியதைத் தொலைக்காட்சி காட்டியது. ஆய்வாளர் அங்கே தேர்ச்சி அளித்துச் சென்றது அதற்கு முந்தைய நாள்.